போர்டா, போரிங்கா? ‘ஈடி’, ‘இங்’ சொற்களைப் பிழையில்லாமல் எழுத ஒரு வழிகாட்டி

விண்ணப்பக் கடிதத்தின் முதல் வரியில் ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் போஸ்ட்’ என்று எழுதியிருந்தால், நீங்கள் சொல்ல நினைத்தது ‘இந்தப் பதவியில் எனக்கு விருப்பம்’. வாசிக்கிறவர் எடுக்கும் பொருள் ‘நான் சுவாரசியமான ஆள்’. அதேபோல், சினேகிதனுக்கு ‘ஐ ஆம் போரிங்’ என்று அனுப்பினால் ‘எனக்கு அலுப்பா இரிக்கு’ என்று போய்ச் சேராது. ‘நான் மற்ற ஆக்களுக்கு அலுப்புத் தாற ஆள்’ என்று போய்ச் சேரும்.

க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கிறவர்கள், முதல் தடவை வேலைக்கு எழுதிப் போடுகிறவர்கள், பாசிக்குடாவிலோ அருகம்பேயிலோ வெளிநாட்டுக்காரரோடு நாள் முழுக்கப் பேசவேண்டியவர்கள் எல்லாருக்கும் தடக்குகிற இடம் இது. ஈ, டி என்ற இரண்டு எழுத்தில் முடியும் பெயரடைகளைக் கீழே ‘ஈடி’ என்றும், ஐ, என், ஜி என்ற மூன்று எழுத்தில் முடிபவற்றை ‘இங்’ என்றும் சொல்கிறேன்.

தேவையான சாமான்: ஒரு 80 பக்கக் கொப்பி, சிவப்பும் நீலமுமாக இரண்டு பேனை, நாளுக்கு 20 நிமிடம், பத்து நாள். ஆங்கிலப் பாடநூல் அரசாங்கம் இலவசமாகத் தந்தது, வீட்டில் எங்காவது கிடக்கும். கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட் இரண்டின் மாணவர் அகராதிகளையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். போன் டேட்டா மட்டுந்தான் செலவு. இதற்கென்று தனியாக டியூசன் காசு கட்டத் தேவையில்லை.

1. பழைய விதியைக் கொப்பியில் இருந்து வெட்டுங்கள்

‘ஆளுக்கு ஈடி, பொருளுக்கு இங்’ என்று எழுதி வைத்திருப்பீர்கள். பத்து வசனத்தில் ஏழு எட்டு இதனால் சரிவரும். அதனால்தான் இது ஆபத்தானது. சரிவராத இரண்டு மூன்றுமே பரீட்சையிலும் நேர்முகத்திலும் வந்து நிற்கும்.

‘ஏ போரிங் டீச்சர்’ என்பது முழுக்கச் சரியான ஆங்கிலம். ஆசிரியர் ஆள்தான், ஆனால் அலுப்பைக் கொடுப்பவர் அவர். ‘ஏ வொரிட் லுக்’ என்பதும் சரி. பார்வை ஆளல்ல, ஆனால் கவலைப்பட்டவரின் பார்வை அது. முகம், குரல், சிரிப்பு, பார்வை ஆகியவற்றுக்கு, அவற்றில் தெரிவது சொந்தக்காரரின் உணர்ச்சியாக இருந்தால் ஈடி வரும். ஆளா பொருளா என்ற கேள்வியை விட்டுவிட்டு, உணர்ச்சியைக் கொடுப்பது யார், பட்டது யார் என்று மட்டும் கேளுங்கள்.

2. ‘வைக்கிற’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள்

இந்த வேலைக்குத் தமிழே நல்ல கருவி. தமிழ் வகுப்பில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். குழம்பினான் தன்வினை, குழப்பினான் பிறவினை. ஆங்கிலத்தின் ஈடியும் இங்கும் உணர்ச்சிச் சொற்களில் கிட்டத்தட்ட இந்த வேறுபாட்டையே காட்டுகின்றன. குழம்பிய பிள்ளை ‘கன்ஃபியூஸ்ட்’. பிள்ளையைக் குழப்பிய கேள்வி ‘கன்ஃபியூஸிங்’.

எல்லாச் சொல்லுக்கும் தமிழில் இப்படி அழகான சோடி கிடைக்காது. அதற்குத்தான் ‘வைக்கிற’. பெயருக்கு முன்னால் ‘இன்னது செய்ய வைக்கிற’ என்று போட்டால் பொருள் பொருந்துகிறதா? பொருந்தினால் இங். ‘பட்ட’, ‘அடைந்த’, ‘போன’ என்று போட்டால்தான் பொருந்துமா? அப்போது ஈடி.

களைக்க வைக்கிற பயணம்: டயரிங். களைத்துப் போன பயணி: டயர்ட்.
பயப்பட வைக்கிற சத்தம்: ஃப்ரைட்டனிங். பயந்து போன பிள்ளை: ஃப்ரைட்டன்ட்.
எரிச்சல்பட வைக்கிற ஆள்: அனொயிங். எரிச்சல்பட்ட ஆள்: அனொய்ட்.
சங்கடப்பட வைக்கிற கேள்வி: எம்பரஸிங். சங்கடப்பட்ட மாப்பிள்ளை: எம்பரஸ்ட்.
ஏமாற்றம் அடைய வைக்கிற பெறுபேறு: டிஸப்பொயின்டிங். ஏமாற்றம் அடைந்த மாணவி: டிஸப்பொயின்டட்.

கடைசிச் சோடியில் ஒரு கண்ணி உண்டு. ‘ஏமாந்து போனேன்’ என்று நாம் சொல்வதில் யாரோ ஏமாற்றியதும் அடங்கும். டிஸப்பொயின்டட் என்பதில் அது இல்லை. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்ற மனக்குறை மட்டும்தான். கடைக்காரர் காசில் ஏமாற்றியதைச் சொல்ல இந்தச் சொல் உதவாது.

இந்தப் பரிசோதனை வழுக்கும் இடம் ‘ஆன’. கவலையான செய்தி, கவலையான முகம் இரண்டையும் தமிழில் ஒரே மாதிரிச் சொல்கிறோம். குழப்பமான கேள்வி, குழப்பமான மனநிலை என்பதும் அப்படித்தான். ‘ஆன’ என்பது கொடுத்தவரையும் பட்டவரையும் ஒரே போர்வையால் மூடிவிடும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஆகவே ‘ஆன’ வந்தவுடன் பேனையை நிறுத்தி, அந்தச் சொல்லை உடையுங்கள். கவலைப்பட வைக்கிற செய்தி, ‘வொரியிங்’. கவலைப்பட்ட முகம், ‘வொரிட்’. உடைக்காமல் நேரே மொழிபெயர்க்கப் போனால் பூவா தலையா போடுவதுதான்.

‘எனக்கு’ என்ற சொல்லும் கைகொடுக்கும். ‘எனக்கு அலுப்பா இரிக்கு’, ‘அவருக்கு விருப்பம்’, ‘பிள்ளைக்குப் பயம்’ என்று ‘கு’ ஏற்று நிற்பவர் பெரும்பாலும் உணர்ச்சியைப் பட்டவர். ஆங்கிலத்தில் அவரை எழுவாயாக்கினால் ஈடி போடுங்கள். அந்த ‘கு’ ஆங்கிலத்துக்குப் போகும்போது காணாமல் போய்விடும். அது போன இடத்தைக் காட்டி நிற்பது ஈடிதான்.

3. காலத்தையும் ஈற்றையும் கலக்காதீர்கள்

ஈடி இறந்தகாலம், இங் நிகழ்காலம் என்று வினைச்சொற்களில் படித்தது இங்கே காலை வாரும். ‘நேற்றுப் பார்த்த படம்’ என்றதும் கை தானாக ‘த ஃபில்ம் வொஸ் போர்ட்’ என்று எழுதும். படத்துக்கு அலுப்பு வராது. ‘த ஃபில்ம் வொஸ் போரிங்’ என்பதே சரி. ‘நேற்று’ என்பதைக் காட்டும் பொறுப்பு முழுவதும் ‘வொஸ்’ உடையது. ‘ஐ ஆம் போர்ட்’ இன்றைய அலுப்பு, ‘ஐ வொஸ் போர்ட்’ நேற்றைய அலுப்பு. போர்ட் என்ற சொல் அசையவில்லை, பாருங்கள்.

மட்டக்களப்புக்காரருக்கு இதை விளக்க வாவியிலேயே உதாரணம் இருக்கிறது. பாடுமீன் என்பது வினைத்தொகை. பாடிய மீனா, பாடுகிற மீனா, பாடும் மீனா என்று காலம் வெளியே தெரியாது. பாடுவது மீன் என்பது மட்டும் தெரியும். ‘சிங்கிங் ஃபிஷ்’ என்பதில் உள்ள இங்கும் அதையே செய்கிறது. செய்பவர் யார் என்று சொல்கிறது, எப்போது என்று சொல்வதில்லை.

மீனைப் பொரித்த பிறகு கதை வேறு. ‘ஃப்ரைட் ஃபிஷ்’ பொரித்த மீன், ‘ட்ரைட் ஃபிஷ்’ கருவாடு. இவை உணர்ச்சிச் சொற்கள் அல்ல, வேலை நடந்து முடிந்த சொற்கள். இந்த வகையில் மட்டும் முடிந்தது, முடியாதது என்ற வேறுபாடு பொருந்தும். ‘பொயிலிங் வோட்டர்’ கொதித்துக்கொண்டிருக்கிற தண்ணீர், கை வைத்தால் சுடும். ‘பொயில்ட் வோட்டர்’ கொதிக்க வைத்து எடுத்த தண்ணீர். வெள்ளம் வடிந்த பிறகு சுகாதாரப் பரிசோதகர் குடிக்கச் சொல்லும் கொதித்தாறிய நீரைச் சொல்ல இதுதான் சொல். பயணி ஒருவருக்கு ‘டிரிங்க் பொயிலிங் வோட்டர்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு தோற்றப்பிழை: ‘த லெசன் கன்ஃபியூஸ்ட் மீ’. இங்கே பாடத்துக்கு ஈடி வந்திருக்கிறதே என்று திருத்தப் போகாதீர்கள். முன்னால் ‘இஸ்’, ‘வொஸ்’ இல்லை, பின்னால் ‘மீ’ இருக்கிறது. ஆகவே இது பெயரடை அல்ல, இறந்தகால வினை. எந்த ஈறு என்று தீராத நேரத்தில் இந்த அமைப்பையே தப்பிக்கும் வழியாக வைத்துக்கொள்ளலாம்.

4. ஈடிக்குப் பின்னால் வரும் முன்னிடைச்சொல்லையும் சேர்த்தே படியுங்கள்

தனிச்சொல்லாகப் பாடமாக்கினால் பாதி வேலைதான் முடியும். கொப்பியில் நீலத்தால் சொல், சிவப்பால் முன்னிடைச்சொல் என்று எழுதுங்கள்:

இன்ட்ரஸ்டட் இன்
வொரிட் அபவுட்
எக்ஸைட்டட் அபவுட்
போர்ட் வித்
சட்டிஸ்ஃபைட் வித்
ஃப்ரைட்டன்ட் ஒஃப்
சர்ப்ரைஸ்ட் அட், அல்லது பை
அனொய்ட் வித், ஆளோடு என்றால். விசயத்தைப் பற்றி என்றால் அபவுட்

‘டயர்ட்’ மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது. ‘டயர்ட் ஃப்ரொம் வேர்க்’ என்றால் வேலை செய்து உடம்பு களைத்தது. ‘டயர்ட் ஒஃப் வேர்க்’ என்றால் வேலையே வெறுத்துப் போனது. நேர்முகத்தில் பழைய வேலையைப் பற்றிக் கேட்கும்போது ஒரு சின்னச் சொல்லால் இரண்டாவதைச் சொல்லிவிட்டு, ஏன் எதிரே இருப்பவரின் முகம் மாறியது என்று விளங்காமல் வருகிறவர்கள் உண்டு.

இங் சொற்களுக்கு இந்தப் பட்டியல் தேவைப்படாது. யாருக்கு என்று சொல்ல வேண்டுமானால் ‘ஃபோர்’ அல்லது ‘டு’ போதும்: ‘கன்ஃபியூஸிங் ஃபோர் ஸ்டூடன்ட்ஸ்’.

5. சோடி இல்லாத சொற்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்

எல்லா ஈடிக்கும் இங் போட்டால் சோடி வந்துவிடும் என்று நம்பினால் இங்கே விழுவீர்கள். பயந்தவர் ‘ஸ்கெயார்ட்’, பயங்காட்டுவது ‘ஸ்கெயாரி’. மன அழுத்தத்தில் இருப்பவர் ‘ஸ்ட்ரெஸ்ட்’, அழுத்தம் தரும் வேலை ‘ஸ்ட்ரெஸ்ஃபுல்’. மனம் கவரப்பட்டவர் ‘இம்ப்ரெஸ்ட்’, கவர்ந்தது ‘இம்ப்ரெஸிவ்’. பூரித்துப் போனவர் ‘டிலைட்டட்’, பூரிக்க வைப்பது ‘டிலைட்ஃபுல்’. மனம் நொந்தவர் ‘அப்செட்’. இதற்கு ஈடி சேராது, ‘அப்செட்டட்’ என்று ஒரு சொல் இல்லை. நோக வைப்பது ‘அப்செட்டிங்’.

‘ரிலீவ்ட்’ என்றால் மனம் ஆறியவர். ஆறுதல் தந்த செய்தியைச் சொல்ல ‘த நியூஸ் வொஸ் ஏ ரிலீஃப்’ என்று பெயர்ச்சொல்லையே போடுங்கள்.

6. எழுத்தைவிட வாயைக் கவனியுங்கள்

எழுத்துக்கூட்டல் சுருக்கமானது. கடைசி ‘ஈ’ உள்ள சொல்லுக்கு இங் சேர்க்கும்போது அந்த ‘ஈ’ பெரும்பாலும் விழும்: போரிங், டயரிங், எக்ஸைட்டிங். மெய்க்குப் பின் ‘வை’ வந்தால் ஈடி சேரும்போது ‘ஐ’ ஆகும், இங் சேரும்போது ‘வை’ அப்படியே நிற்கும்: வொரிட், வொரியிங். உயிருக்குப் பின் வரும் ‘வை’ இரண்டிலும் மாறாது: அனொய்ட், அனொயிங். எம்பரஸ்டில் ஆர் இரண்டு, எஸ் இரண்டு. அவ்வளவுதான்.

உச்சரிப்புத்தான் பெரிய சிக்கல். பேச்சுத் தமிழில் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் நம் வாய் கடைசி ‘ட்’டை விழுங்கிவிடும், அல்லது அதற்குப் பின்னால் ஒரு ‘உ’ போட்டு ‘டு’ என்று இழுக்கும். விழுங்கினால் ‘ஐ ஆம் டயர்ட்’ என்பது ‘ஐ ஆம் டயர்’ ஆகிறது. நீங்கள் வாகனச் சில்லாகிவிடுகிறீர்கள். ‘ஐ ஆம் இன்ட்ரஸ்ட்’, ‘ஐ ஆம் கன்ஃபியூஸ்’ என்று எழுதுகிறவர்களும் முதலில் இப்படிச் சொல்லிப் பழகித்தான் பிறகு எழுதுகிறார்கள். வாய் விட்டதைக் கையும் விட்டுவிடும்.

பழகும் முறை இது. மூலச்சொல் வல்லென்ற ‘ட்’ ஒலியிலோ மென்மையான ‘ட்’ ஒலியிலோ முடிந்தால் ஈடிக்கு ஒரு அசை கூடும்: இன்ட்ரஸ்டட், எக்ஸைட்டட், டிஸப்பொயின்டட். மற்றச் சொற்களில் அசை கூடாது: போர்ட், டயர்ட், கன்ஃபியூஸ்ட், சர்ப்ரைஸ்ட். ‘போரெட்’, ‘கன்ஃபியூஸெட்’ என்று நீட்டாதீர்கள். ஷொக்ட், எம்பரஸ்ட் போன்றவற்றில் கடைசி ஒலி வல்லென்று வெடிக்கும், போர்ட், டயர்ட் போன்றவற்றில் மென்மையாக விழும். இந்தக் கடைசி வேறுபாடு பிசகினாலும் பரவாயில்லை, விளங்கும். ஒலியை விட்டுவிட்டால்தான் விளங்காது. போர்ட் என்பது கரும்பலகையைச் சொல்லும் ‘போர்ட்’ போலவே ஒலிக்கும் என்று நினைவு வைத்தால் முதல் சொல் முடிந்தது.

விழுங்காமல் இருக்க, அடுத்த சொல்லை உயிரெழுத்தில் தொடங்கும் ஒன்றாகப் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘வொரிட் அபவுட்’ என்பதை ‘வொரிடபவுட்’ என்று ஒரே மூச்சில் சொல்லும்போது ‘ட்’ தானாக வெளியே வரும்.

7. பத்திரங்களில் வரும் சொற்களைச் சரிபாருங்கள்

விண்ணப்பத்துக்கு இந்த வரி போதும்: ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் அப்ளையிங் ஃபோர் த போஸ்ட் ஒஃப்’, பிறகு பதவியின் பெயர். ‘அப்ளையிங்’ என்று இங் வருவதைக் கண்டு முன்னால் இருப்பதையும் இன்ட்ரஸ்டிங் ஆக்கிவிடுகிறார்கள். ‘இன்’னுக்குப் பின் வருவது வினையின் பெயர், அதற்கும் பெயரடைக்கும் உறவில்லை.

அலுவலகப் பத்திரங்களில் ஈடி நிறைய வரும். பதிவுத் தபால் ‘ரெஜிஸ்டர்ட் போஸ்ட்’. உறுதிப்படுத்தப்பட்ட பிரதி ‘சேர்டிஃபைட் கொப்பி’. இணைத்த ஆவணங்கள் ‘அட்டாச்ட் டொக்கியூமன்ட்ஸ்’. ஓய்வுபெற்ற அதிபர் ‘ரிட்டயர்ட் பிரின்சிபல்’. சுயவிபரக்கோவையில் அனுபவமுள்ளவர் என்பதற்கு ‘எக்ஸ்பீரியன்ஸ்ட்’ என்று ஈடி போடாமல் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்று விடுவதுதான் அதிகம் காணும் பிழை.

‘குளோஸிங் டேட்’, ‘டிரைவிங் லைசன்ஸ்’, ‘டிரிங்கிங் வோட்டர்’ போன்றவற்றில் ‘வைக்கிற’ பரிசோதனையைப் போடாதீர்கள். அனுமதிப்பத்திரம் யாரையும் ஓட வைப்பதில்லை. இவை எதற்கு என்று சொல்லும் கூட்டுச்சொற்கள், அப்படியே பாடமாக்குங்கள்.

போனின் எழுத்துப் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடும் என்று நம்பியிருக்க வேண்டாம். இன்ட்ரஸ்டடும் இன்ட்ரஸ்டிங்கும் எழுத்தளவில் சரியான சொற்கள், கோடு விழாது. முடிவுத் திகதிக்கு மூன்று நாளாவது முன்னதாக எழுதி வைத்து, ஒரு இரவு கழித்து, ஈடிக்கும் இங்குக்கும் கீழே கோடிட்டுப் பாருங்கள். அவசரத்தில் எழுதி அன்றைக்கே தபாலில் போட்ட கடிதத்தில்தான் இந்தப் பிழை தப்பிப் போகும்.

விடுதிகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று: வந்து இறங்கிய விருந்தாளியிடம் ‘யூ லுக் டயர்ட்’ சொல்லலாம். ‘யூ ஆர் டயரிங்’ என்றால் ‘உன்னோடு மாரடிக்க ஏலாது’ என்ற பொருள். ‘யூ ஆர் போரிங்’ நேரடியான அவமதிப்பு. அறையைப் புகழ ‘ரிலாக்ஸிங்’, விருந்தாளியைக் கேட்க ‘ரிலாக்ஸ்ட்’.

8. பத்து நாள் பயிற்சி

முதல் ஐந்து நாளும் நாளுக்கு நான்கு சோடி. சோடிக்கு இரண்டு வசனம், ஒன்று கொடுப்பவருக்கு, ஒன்று பட்டவருக்கு. ஆறாம், ஏழாம் நாளில் அந்த இருபது சோடியையும் வாய்விட்டு வாசித்து, போனில் பதிவு செய்து கேளுங்கள். எட்டாம் நாள் பாடநூலில் ஒரு வாசிப்புப் பகுதியை எடுத்து ஈடி, இங் சொற்களை எல்லாம் வட்டமிடுங்கள். ஒன்பதாம் நாள் ஒரு கடிதம். பத்தாம் நாள் கீழே உள்ளவற்றை விடை பாராமல் செய்யுங்கள்.

அ. கச்சேரியில் மூன்று மணித்தியாலம் நின்று அம்மா களைத்துப் போனார்.
ஆ. உதயதேவி ரயிலில் கொழும்பு வரை போவது களைப்பு.
இ. வெபர் மைதானத்தில் பரபரப்பான ஆட்டம்.
ஈ. ஆட்டம் முடியும் மட்டும் பரபரப்பான சனம்.
உ. கணக்கு வாத்தியார் அலுப்பான ஆள்.
ஊ. கணக்கு வாத்தியாருக்கே அலுத்துப் போச்சு.
எ. தாதி கவலையான குரலில் பேசினார்.
ஏ. நேற்று வந்த கேள்வி குழப்பமாக இருந்தது.

விடை: அ டயர்ட், ஆ டயரிங், இ எக்ஸைட்டிங், ஈ எக்ஸைட்டட், உ போரிங், ஊ போர்ட், எ வொரிட், ஏ கன்ஃபியூஸிங். இ, ஈ இரண்டும் பிழைத்தால் ‘ஆன’ இன்னும் உங்களை மறைக்கிறது, இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். உ பிழைத்தால் பழைய விதி கொப்பியில் இருந்து வெட்டுப்பட்டாலும் மண்டையில் கிடக்கிறது. ஏ பிழைத்தால் ‘நேற்று’ என்ற சொல்தான் உங்களை ஏமாற்றியிருக்கும். மூன்றாம் படியை ஒருக்கால் பாருங்கள்.